திரையில் விழுந்த படகுகள்

சந்தேகம் என் கூடப் பிறந்தது. தேங்காய் வாங்கினால் ஆட்டிப் பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், கடைசியில் கடைக்காரர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். கண்டக்டர் "பின்னாடியே காலி பஸ் வருதும்மா" என்றால், இவர் எதற்காக என்னை இறக்கிவிடப் பார்க்கிறார் என்று யோசிப்பேன். "கண்ணாடியில ஒன் மூஞ்சியப் பாத்தாலே யாருடி நீன்னு கேப்ப" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு அக்காவின் பெயர் கெட்டிருக்காது.

நான் பிறந்தது கறம்பக்குடிப் பக்கம் ஒரு வயல்காட்டு ஊர். கல்யாணம் ஆகி மணமேல்குடிக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்தேன். ஜெராக்ஸ், லேமினேஷன், வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் ஆன்லைன் விண்ணப்பம், இதுதான் அன்றாடம். ஆனால் நான் படித்தது புரோகிராம் எழுத. அதை மறந்துவிடக் கூடாதே என்று யாராவது சின்னதாக வெப்சைட் வேலை கொடுத்தால் விழுந்து விழுந்து செய்வேன். அப்படித்தான் பக்கத்துக் கரை ஒன்றிலிருந்து விசைப்படகுச் சங்கத் தலைவர் ஒரு நாள் என் கடைக்கு வந்தார்.

அவர் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. அந்தக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். காலையில் போனால் மறுநாள் காலையில் திரும்பும். போகிறவர்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். உப்புத் தண்ணீர் பட்டு எத்தனை போன்தான் போகும்? திரும்பி வந்தாலும் உடனே வீட்டுக்குப் போக முடியாது. மீனைத் தரம் பிரித்து, ஏற்றி, வலையைத் தட்டி, படகைக் கழுவி, கிளம்ப மத்தியானம் ஆகிவிடும். அதுவரை வீட்டில் இருப்பவர்களுக்குப் படகு வந்ததா இல்லையா என்று தெரியாது. அதற்குள் வளைகுடாவில் இருக்கிற அண்ணனும் மகனும் வீட்டுக்குப் போன்மேல் போன் போட்டு, வீட்டில் இருப்பவர்களின் பயத்தை இரண்டு மடங்கு ஆக்குவார்கள்.

"எந்தப் படகு கரைக்கி வந்துருச்சுன்னு நெட்ல ஒரு பக்கம் போட்டுருங்கம்மா. துபாய்ல இருக்கவனும் பாத்துக்குவான், தெக்குத் தெருவுல இருக்கவளும் பாத்துக்குவா" என்றார் தலைவர்.

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. ஒரு பக்கம். அதில் படகின் எண் இருந்தால் ஆள் பத்திரம். இல்லையென்றால் இன்னும் கடலில்.

ஸ்கிரிப்ட், அதாவது இந்தப் பக்கத்தை உண்டாக்குகிற சின்னப் புரோகிராம், ஒன்றும் பெரிய வேலை இல்லை. கரையில் பதிகிற படகு எண்களை எடுத்து, அவற்றை எச்.டி.எம்.எல். என்கிற வெப்சைட் மொழியில் ஆக்கி ஒரு கோப்பில் எழுத வேண்டும். அந்தக் கோப்புதான் நெட்டில் ஏறும் பக்கம். ஆனால் எச்.டி.எம்.எல். எழுதுவது என்றால் கோணக்குறியைத் திற, மூடு, மறுபடி திற, மறுபடி மூடு என்று உயிரை வாங்கும். எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் எடுபிடி வேலைக்கென்று சின்னச் சின்னப் புரொசீஜர்கள் எழுதி வைத்துக்கொண்டேன். 'தலை' என்று ஒன்று, பக்கத்தின் தலைப்பை எழுதும். 'வரி' என்று ஒன்று, ஒரு படகின் எண்ணையும் வந்த நேரத்தையும் கொடுத்தால் ஒரு வரியாக எழுதும். 'வால்' என்று ஒன்று, எல்லாம் முடிந்ததும் பக்கத்தை மூடும். இந்த மூன்றுக்கும் தாங்கள் எழுதுவது எங்கே போய் விழுகிறது என்று தெரியாது. அதைத் தீர்மானிக்க இன்னும் இரண்டு. 'திருப்பு' என்றால் இனிமேல் எழுதுவதெல்லாம் நான் சொல்லும் கோப்புக்குள் போகும். 'அடை' என்றால் அந்தக் கோப்பு மூடிக்கொள்ளும், அதன் பிறகு எழுதுவது பழையபடி கம்ப்யூட்டர் திரையில் விழும்.

இவற்றை எழுதும்போது என் மனசில் இருந்தது எங்கள் ஊர் வாய்க்கால்தான். மண்வெட்டியால் மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குள் திரும்பும். வயல் நிறைந்ததும் மடையை அடைத்தால் தண்ணீர் பொது வாய்க்காலில் போய்க்கொண்டிருக்கும். நான் பார்த்து வளர்ந்தது அதைத்தான். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு தலைவர் இன்னொன்று கேட்டார். தாமதமாக வருகிற படகுக்கு ஏன் தாமதம் என்று தெரிந்தால் நன்றாக இருக்குமாம். எஞ்சின் கோளாறு, வலை கிழிந்தது, அலை அதிகம், இப்படி. சரி என்று, குறிப்பு உள்ள படகுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பக்கம் உண்டாகும்படி செய்தேன். பட்டியலில் அந்தப் படகின் எண்ணைத் தொட்டால் சின்னப் பக்கம் திறக்கும். அதை எழுதவும் அதே 'திருப்பு', அதே 'அடை'. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். ஐந்து படகு வைத்து, கடைசிப் படகுக்கு ஒரு குறிப்புப் போட்டுச் சோதித்தேன். அழகாக வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு டீ போட்டுக் குடித்தேன்.

கரையில் படகுகளைப் பதிவது ஒரு அக்காவின் வேலை. அக்கா என்றால் சொந்தம் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மீன்பிடிக் குடும்பம், வீட்டுக்காரர் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறார். சங்கத்துக்குத் தகரக் கூரை போட்ட ஒரு அறை உண்டு. அதில் ஜன்னலோரம் அக்காவின் மேசை. படகு கரையில் அணைய அணைய எண்ணைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டுவார். பத்து மணிக்கு ஸ்கிரிப்டின் படத்தை இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு கறுப்புச் சன்னல் திறந்து 'முடிந்தது' என்று சொல்லும். ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் அது மூடிக்கொள்ளும். அக்கா என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வாங்க, போங்க என்பார், ஆனால் தங்கச்சி. கரைக்குப் போனால் எனக்கென்று வறுத்த மீன் இரண்டு துண்டு டப்பாவில் இருக்கும்.

குறிப்பு வசதி வந்து ஒரு மாதம் இருக்கும். கத்தாரிலிருந்து ஒரு பையன் எனக்குப் போன் செய்தான். கரையின் தெற்குப் பக்கம் படகைக் கட்டி நிறுத்துகிற ஒரு பாயின் மகன்.

"எங்க அத்தா படகு மூணு தடவ ஒங்க நெட் பக்கத்துல வரலங்க. அன்னைக்கெல்லாம் படகு நல்லபடியா கரைக்கி வந்துருக்கு. வீட்ல கேட்டா வந்துருச்சுங்குறாங்க. ஒங்க பக்கத்துல இல்ல. எங்க படக மட்டும் யாரு எடுக்குறா?"

"யாரும் எடுக்க முடியாது தம்பி. அது தானா வர்ற பக்கம்" என்றேன்.

"தானா வர்றதுன்னா தானா போகுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

பழைய பக்கங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பையன் சொன்னது உண்மை. அவன் அத்தாவின் படகு மட்டுமல்ல, தெற்குப் பக்கத்துப் படகுகள் நாலைந்து சில நாட்களில் பக்கத்தில் இல்லை. சில நாட்களில் இருந்தன. அந்தச் 'சில நாட்கள்' என்பதுதான் என் மூக்கை இழுத்தது. நான் இந்தத் தொழிலில் உறுதியாக நம்பி வந்தது ஒன்று உண்டு. இயந்திரம் தப்புச் செய்தால் எப்போதும் செய்யும். ஆள் பார்த்து, நாள் பார்த்துத் தப்பு நடந்தால் அது மனுஷக் கை.

அப்புறம் எனக்கு எல்லாமே அதற்குத் தோதாகத் தெரிய ஆரம்பித்தது. அந்தப் பாய்க்கும் அக்காவின் தம்பிக்கும் படகு கட்டுகிற இடத்தில் ஒரு சண்டை நடந்திருந்தது. அக்காவின் தம்பி படகு ஒரு நாள்கூடப் பக்கத்தில் விட்டுப்போகவில்லை. எண்களைப் பதிகிற கம்ப்யூட்டரில் உட்கார்வது அக்கா ஒருவர்தான். பத்து மணிக்கு முன்னால் ஒரு எண்ணை அழிக்க எத்தனை நேரம் ஆகும்? வறுத்த மீன் துண்டுகூட எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. எதற்கு இந்த அம்மா என்னிடம் இவ்வளவு பிரியமாக இருக்கிறார்?

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காலையில் கரைக்குப் போனேன். பத்து மணி தாண்டியிருந்தது. ஐஸ் வண்டிக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா திரையைப் பார்த்துப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் கறுப்புச் சன்னலை மூடினார். பிறகு நோட்டைப் பார்த்துப் போன் போட்டார். "ம்ம்... ஆமா... சொல்லியாச்சுல்ல, வைக்கவா?" என்று தணிந்த குரலில் பேசினார். வைத்துவிட்டு அடுத்த போன். நான் உள்ளே நுழைந்ததும் நோட்டை மூடி மேசை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"வாங்க தங்கச்சி, என்ன திடீர்னு?"

"சும்மாதான். என்னக்கா எழுதுறீங்க?"

"ஒன்னும் இல்ல. சும்மா ஒரு கணக்கு" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கள்ளம்தான் தெரிந்தது.

வெளியே வந்து என் போனில் பக்கத்தைத் திறந்தேன். தெற்குப் பக்கத்துப் படகுகள் நாலு இல்லை. நாலும் என் கண் முன்னாலேயே மீன் இறக்கிக்கொண்டிருந்தன. நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். அக்கா எண்ணை அழிக்கிறார், அழித்ததை ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார், யாருக்கோ போன் போட்டுச் சொல்கிறார் என்று, நான் பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"உறுதியாச் சொல்றீங்களாம்மா? பாவம், வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்காரு. பேரு கெட்டுப்போகும்" என்றார் தலைவர்.

"என் கண்ணால பாத்தேங்க" என்றேன்.

அன்றைக்கே அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐஸ் உடைக்கிறவர்களும் மீன் ஏற்றுகிறவர்களும் நின்றுகொண்டிருக்கும்போதே தலைவர் சொன்னாராம். அக்கா சண்டை போடவில்லை. "யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டாராம். பதில் வராததால் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடந்து போய்விட்டாராம். மத்தியானத்துக்குள் கரை முழுக்கப் பேச்சு. பாய் படகை அழித்தது அவள்தானாம். எனக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேறு ஆள் கிடைக்கும்வரை பதிகிற வேலையை நானே பார்ப்பதாகச் சொன்னேன். அடுத்த முறை படகுகள் திரும்புகிற காலையில் ஆறு மணிக்கே போய் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு படகாக அணைய, நானே பார்த்து நானே தட்டினேன். வடக்குப் பக்கத்துப் படகுகள், அக்காவின் தம்பி படகும் சேர்த்து, முதலில் வந்தன. தெற்குப் பக்கம் முகத்துவாரம் மணல் சேர்ந்து மேடு தட்டிக் கிடப்பதால் தண்ணீர் ஏறக் காத்திருந்துதான் அவை உள்ளே வரும். அதனால் எப்போதும் கடைசி. நடுவில் ஒரு வடக்குப் படகு எஞ்சின் தகராறு என்று தாமதமாக வந்தது. குறிப்புப் போட்டேன். அதற்குப் பிறகு தெற்குப் பக்கத்துப் படகுகள் ஆறு. கடைசியாக வந்தது பாயின் படகு. அதை நான் ஆசையாகத் தட்டினேன். கத்தார்ப் பையன் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டு, திரையைப் பார்க்காமலேயே டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து உட்காரும்போது பத்தே முக்கால், வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. காலில் ஒரு செருப்பு நீலம், இன்னொன்று பச்சை. பாயின் வீட்டம்மா. அந்தப் படகை ஓட்டிப் போயிருந்தது அவருடைய மருமகன்.

"ஏம்மா, எங்க படகு வந்துச்சா இல்லையா? தண்ணி ஏறுற நேரமும் போயிருச்சு. இந்நேரம் அந்தப் புள்ள போன் பண்ணிரும். இன்னைக்கி பண்ணல. எம்மக சோறு தண்ணி இல்லாம ஒக்காந்திருக்கா."

"எந்தப் புள்ளம்மா?"

"இங்க இருக்குமே அந்தப் புள்ளதான். படகு வந்ததும், மாமி, ஒங்க படகு வந்துருச்சு, சொல்லியாச்சுல்ல, வைக்கவான்னு சொல்லும். ஒரு மாசமா அதுதான எங்களுக்குத் தைரியம்."

"ஒங்க படகு வந்துருச்சும்மா. அந்தா, அங்கிட்டுப் பாருங்க" என்று ஜன்னல் வழியாகக் காட்டினேன். அந்த அம்மா அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

கறுப்புச் சன்னலில் 'முடிந்தது' என்ற ஒரு வார்த்தை மட்டுமல்ல, வேறும் இருந்தது. அதற்கு மேலே ஆறு வரிகள். கோணக்குறிகளுக்கு நடுவே ஆறு படகு எண்கள், வந்த நேரத்தோடு. அதற்குக் கீழே என் 'வால்'. போனில் பக்கத்தைத் திறந்தேன். எஞ்சின் தகராறுப் படகோடு பட்டியல் முடிந்துவிட்டது. நான் என் கையால் தட்டிய ஆறு படகும் அதில் இல்லை.

புரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிய பட்டியலை எழுத 'திருப்பு' என்று ஒரு கோப்பைத் திறந்திருக்கிறேன். அது திறந்திருக்கும்போதே, குறிப்புக்காகச் சின்னப் பக்கத்தைத் திறந்து, எழுதி, 'அடை' என்று சொல்கிறேன். அடைத்த பிறகு எழுத்து திரும்பிப் போக வேண்டியது பெரிய பட்டியலுக்கு. என் 'அடை'க்கு அது தெரியாது. அடைத்தால் பொது வாய்க்கால் என்றுதான் நான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். குறிப்புள்ள படகுக்குப் பின்னால் வந்த அத்தனை படகும் திரையில் போய் விழுந்தது. பிரவுசரும் மகா நல்லவர், பக்கத்துக்கு வால் இல்லை என்று ஒரு வார்த்தை முனகவில்லை. குறிப்பு இல்லாத நாளில் எல்லாம் சரி. குறிப்பு உள்ள நாளில் கடைசியில் வருகிற தெற்குப் பக்கம் காலி. நான் சோதித்தபோது குறிப்புப் போட்டது கடைசிப் படகுக்கு. அதற்குப் பின்னால் தொலைந்துபோக ஒரு படகும் இல்லை.

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் அக்கா எனக்குப் போன் செய்திருந்தார். "தங்கச்சி, கறுப்புப் பெட்டியில இன்னைக்கி என்னமோ வரிசையா படகு நம்பரு வருது" என்றார். கடையில் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு இருபது பேர் நின்றார்கள். "அது கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கிறதுக்கா. அதையெல்லாம் என்னக் கேக்காதீங்க" என்று எரிந்து விழுந்து வைத்திருந்தேன்.

இழுப்பறையைத் திறந்தேன். நோட்டு அங்கேயேதான் இருந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'பெட்டியில் வரும் படகு, நெட்டில் வராது. வீட்டுக்குப் போனில் சொல்ல வேண்டும்.' அடுத்த பக்கங்களில் நாள் நாளாகப் படகு எண், அந்த வீட்டுப் போன் நம்பர், பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 'சொல்லியாச்சு'. போன் எடுக்காத வீட்டுக்கு 'நேரில் போய்ச் சொல்லியாச்சு'. என் ஸ்கிரிப்ட் கீழே போட்டதை ஒன்று விடாமல் பொறுக்கி வீட்டில் சேர்த்திருக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் யாரும் புகார் சொல்லாததும் அதனால்தான். பக்கத்தை மட்டும் பார்க்கிற வெளிநாட்டுக்காரனுக்குத்தான் படகு காணாமல் போனது.

அழுகை வந்தது. அதற்கு அப்போது நேரமில்லை. நோட்டைப் பார்த்து மற்ற ஐந்து வீட்டுக்கும் போன் போட்டேன். படகு வந்துவிட்டது என்றேன். ஐந்து வீட்டிலும் ஒரே கேள்விதான். "அந்தப் புள்ள எங்க?"

ஸ்கிரிப்டைத் திருத்த எனக்கு நாலு வரிதான் தேவைப்பட்டது. 'திருப்பு' தனக்கு முன்னால் எந்தக் கோப்பு திறந்திருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும், 'அடை' அங்கே திரும்பிப் போக வேண்டும். அவ்வளவுதான். திருத்திவிட்டுத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, சரி பண்ணிட்டீங்கள்ல? விட்டுருங்கம்மா. அந்தப் புள்ளய நானே போயிக் கூப்புட்டுக்குறேன். ஏதோ புரியாம நடந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

"இல்லங்க. கரை முழுக்கப் பேசியாச்சு. கரை முழுக்கத் தெரியணும்" என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டியதை, சங்கத்தின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவர்மேலும் ஒரு சந்தேகம்.

மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பக்கத்தின் உச்சியில் விழுகிற மாதிரி எழுதினேன். 'இந்தப் பக்கத்தில் சில நாட்களில் சில படகுகள் விடுபட்டது, இதை எழுதிய என் பிழை. கரையில் படகுகளைப் பதிவு செய்யும் அக்கா எந்தப் படகையும் அழிக்கவில்லை. அவர்மேல் வந்த பழி தவறானது.' எழுத்து இந்த முறை போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போனது. நெட்டில் ஏற்றிவிட்டு இரண்டு தடவை திறந்து பார்த்தேன். மனசு லேசாக இருந்தது. நல்லவளாகிவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்கூட வந்தது.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நெத்திலி காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார். "அந்த நோட்டுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்த."

"கேட்டேனேக்கா. சும்மா ஒரு கணக்குன்னீங்க."

"கம்ப்யூட்டர் விஷயத்தக் கேக்காதன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? நான் கேக்காம ஒன்னு பண்ணிக்கிட்டுருந்தேன். அதச் சொன்னா மறுபடி ஏசுவீங்கன்னு மறைச்சேன்."

தங்கச்சி போய் மேடம் வந்துவிட்டது. அது நான் நினைத்ததைவிட அதிகமாக வலித்தது.

"பக்கத்துல போட்டுட்டேன்க்கா. ஒங்கமேல தப்பு இல்லைன்னு. எல்லாரும் பாப்பாங்க" என்றேன்.

"பாத்துட்டாங்க" என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரும் பாத்துட்டாரு. அவருக்கு இந்தப் பேச்சே தெரியாது. கரைப் பேச்சு கரையோட போகட்டும்னு நான் சொல்லல. நேத்து வேல முடிஞ்சு அவரோட ரூம்ல இருக்கவன் எவனோ காட்டிருக்கான். விடிய விடிய போனு. என்னத்த அழிச்ச, என்ன பழி, ஒன்னும் இல்லாமலா நெட்ல போடுவாங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

தலைவர் ஏன் தலையை ஆட்டினார் என்று அப்போது விளங்கியது. ஒரு கரையோடு இருந்ததைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து போனிலிருந்தே அந்த வரியை எடுத்தேன். எடுத்து என்ன செய்ய? வீட்டுக்காரர் அதைப் படம் பிடித்து வைத்திருப்பதாக அக்கா சொன்னார்.

"நானே பேசுறேன். போன் போட்டுக் குடுங்கக்கா" என்றேன்.

அக்கா யோசித்தார். பிறகு போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் லாரி ஓடுகிற சத்தம். வண்டியை ஓரமாக நிறுத்தினார் போல, சத்தம் அடங்கியது. நான் யார் என்று சொன்னேன். 'திருப்பு', 'அடை', திரையில் விழுந்த எண்கள், நோட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன். உங்கள் வீட்டம்மா ஒரு மாதமாக ஒவ்வொரு வீட்டுக்கும் சேதி சொன்னவர், அவரை மாதிரி ஒருவர் அந்தக் கரையில் இல்லை என்றேன். பேசப் பேச என் குரல் எனக்கே கெஞ்சுகிற மாதிரிக் கேட்டது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க" என்றார். "அவதான் ஒங்களப் பேசச் சொன்னாளா?"

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். தேங்காய்க் கடையில், பஸ்ஸில், தகர அறையின் ஜன்னலுக்கு வெளியே எனக்குள் நானே பேசிய குரல். இல்லைங்க, நானாகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லாரி கிளம்புகிற சத்தம் வந்து போன் நின்றுவிட்டது.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. போனை வாங்கி முந்தானையில் துடைத்து மடியில் செருகினார். நோட்டையும் வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கிப் படகு திரும்புது. நான் வாரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, நெத்திலியைத் திருப்பிப் போடக் குனிந்தார்.